காதல் ஜோடி எஸ்.பி. ஆபீஸில் தஞ்சம்: போட்டோ எடுத்த பிறகு நடந்தவற்றுக்கு ஒரு ரிவ்யூ

மாலையும் கழுத்துமாக ஒரு பையனும் பெண்ணும் நிற்க, பின்னால் காவல்துறை போர்டு தெரிய, "காதல் ஜோடி போலீசில் தஞ்சம்" என்று பேப்பரில் ஒரு படம் வரும், பார்த்திருப்பீர்கள். பெண்ணுக்குக் கண் வீங்கியிருக்கும். பையன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேமராவுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பான். பதினாறு மாதத்துக்கு முன்னால் அந்தப் படத்தில் நின்றது நாங்கள். படத்தோடு செய்தி முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்த ஜோடிக்கு என்ன கிடைத்தது, கிடைத்தது வேலை செய்ததா என்று யாரும் எழுதுவதில்லை. வாஷிங் மெஷினுக்கும் கேட்டரிங்காரருக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், உயிரைக் காப்பாற்ற வேண்டிய சர்வீஸுக்கு ஒரு ஸ்டார்கூட யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. சரி, நானே போடுகிறேன்.

நான் பிற்படுத்தப்பட்ட சாதி, அவர் பட்டியல் சாதி. இரண்டு பேரும் மேஜர், டிகிரி முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஊர் பெயரோ ஸ்டேஷன் பெயரோ சொல்லப் போவதில்லை, காரணம் உங்களுக்கே தெரியும்.

டப்பாவின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்தால் இதைப் போல ஒரு சர்வீஸ் வேறெங்கும் கிடைக்காது என்றுதான் தோன்றும். 2006இல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வயது வந்தவர்கள் யாரைக் கட்டிக்கொண்டாலும், பிடிக்காத பெற்றோர் உறவை நிறுத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான், மிரட்டவோ கை வைக்கவோ கூடாது, செய்தால் போலீஸ் வழக்குப் போட வேண்டும். 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், அது நம் தமிழ்நாட்டு வழக்கு, கட்டப்பஞ்சாயத்தே சட்டவிரோதம் என்றது. 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு தனிப் பிரிவு வேண்டும், அதில் எஸ்.பி., மாவட்ட சமூக நல அலுவலர், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர் மூன்று பேரும் இருக்க வேண்டும், 24 மணி நேர ஹெல்ப்லைன் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2018 மார்ச் 27இல் சக்தி வாஹினி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதற்கும் விரித்தது. தங்குவதற்குப் பாதுகாப்பு இல்லம், பெயரளவுக்கு ஒரு கட்டணம், முதலில் ஒரு மாதம், ஆபத்தைப் பார்த்து மாதாமாதம் நீட்டித்து அதிகபட்சம் ஒரு வருடம். இன்னும் கல்யாணமே ஆகாத ஜோடிக்கும் இது உண்டு, அவர்கள் கேட்டால் போலீஸ் பாதுகாப்போடு கல்யாணத்துக்கும் பதிவுக்கும் உதவ வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. படித்தபோது நான் அழுதேன். நம்மை நினைத்து யாரோ டெல்லியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. டப்பாவுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து.

இனி உள்ளே இருந்த பொருள்.

கல்யாணத்துக்கு எங்களிடம் இரண்டு வழி இருந்தது. ஒன்று 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். சுத்தமான வழி, மதம் மாற வேண்டாம், ஐயர் வேண்டாம், மூன்று சாட்சி போதும். ஆனால் இரண்டு பேரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அந்த நோட்டீஸை ஆபீஸில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள், இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து ஆட்சேபணை சொல்லலாம். வீட்டுக்குத் தெரிந்தால் வெட்டிவிடுவார்கள் என்று ஓடி வருகிறவர்களிடம் உங்கள் பெயரையும் விலாசத்தையும் ஒரு மாதம் போர்டில் தொங்கவிடுகிறோம் என்று சொல்கிற சட்டம் அது. வேறு வேறு மதம் என்றால் பெரும்பாலும் வேறு வழியில்லை, பாவம்.

எங்கள் இரண்டு வீடும் இந்து, அதனால் இரண்டாவது வழி திறந்திருந்தது. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று சேர்த்த 7ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணம். உறவினரோ நண்பரோ வேறு யாராவதோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் இவரை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும், இல்லையென்றால் மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். 2014இல் உயர் நீதிமன்றம் வக்கீல் ஆபீஸில் ரகசியமாக நடக்கிற கல்யாணம் செல்லாது என்று சொல்லிவைத்திருந்தது, அது பல ஜோடிகளுக்குத் தலைவலியானது. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய அவசியமில்லை, நெருக்கடியில் இருப்பவர்களால் அது முடியாது, வக்கீல்கள் நண்பர் என்ற முறையில் முன்னிலை வகிக்கலாம் என்றது. இந்தத் தீர்ப்பை பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று கீழே வரும்.

இந்த வழியில் மாட்டிக்கொள்கிற இடம் ஏஜென்ட். சார்பதிவாளர் ஆபீஸ் இருக்கிற தெருவில் ஜெராக்ஸ் கடை, பத்திரம் எழுதுகிறவர் கடை எல்லாம் தாண்டி ஒருவர் நிற்பார். "லவ் மேரேஜாம்மா?" என்று பார்த்தவுடனே கேட்டார், முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும் போல. மாலை, தாலி, போட்டோ, சாட்சி, வக்கீல் எல்லாம் சேர்த்துப் பேக்கேஜ் 18,000 என்றார், பேசி 12,000க்கு வந்தார். மாலை வந்தது. ரோஜா இதழெல்லாம் ஓரத்தில் கறுத்து, நடுவில் ஜிகினாவில் ஏற்கெனவே இரண்டு நீளமான தலைமுடி சிக்கியிருந்தது, என்னுடையது இல்லை. காலையில் இன்னொரு ஜோடி போட்டுக் கழற்றிய மாலை. அதைக் கழுத்தில் வாங்கிக்கொண்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, அந்தப் பெண் இப்போது எங்கே இருப்பாளோ என்றுதான் இருந்தது. பேக்கேஜுக்கு ஒரு ஸ்டார், அதுவும் சாட்சிக்கு வந்த ஆட்டோக்காரர் அண்ணனுக்காக. அவர் காசு வாங்கிக்கொள்ளாமல் "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு சவாரிக்குப் போய்விட்டார்.

பதிவு தமிழ்நாட்டில் 2009ஆம் வருடச் சட்டப்படி. கல்யாணமாகி 90 நாளுக்குள் செய்ய வேண்டும், கூடுதல் கட்டணம் கட்டி இன்னும் 60 நாள் இழுக்கலாம். ஆனால் எங்களைப் போன்றவர்கள் அன்றைக்கே செய்துவிடுவது நல்லது. கவுன்டரில் இருந்தவர் ஃபார்மைப் பார்த்துவிட்டு "அப்பா அம்மா வரலையா" என்றார். வரவில்லை என்றேன். "அவங்க கையெழுத்து இல்லாம எப்படிம்மா" என்றார். எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று வக்கீல் கேட்டார், அவர் மேசைக்குள்ளிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார், அப்புறம் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். மேலே சொன்ன பிரிண்ட் இங்கேதான் உதவியது. மூன்றரை மணிக்கு சர்டிபிகேட் கையில்.

ஒரு விஷயம் நடுவில் சொல்லிவிடுகிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நகை, துணி எதையும் எடுக்காதீர்கள், பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதைச் சொல்ல அது ஒன்று போதும், வயது நிரூபணமானால்தான் மற்றதெல்லாம் பேச்சுக்கே வரும். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. பெண்ணுக்கு ஒரு நாள் குறைந்தாலும் போக்சோ, குழந்தைத் திருமணம் என்று பையன் உள்ளே போவான், இதில் யார் தயவும் உதவாது, பொறுத்திருங்கள். எங்கள் வீட்டில் சர்டிபிகேட் எல்லாம் அப்பாவின் பீரோவில், சாவி அம்மா இடுப்பில். கம்பெனியில் ஒரிஜினல் கேட்கிறார்கள் என்று சொல்லி வாங்கி, டெய்லரிடம் கொடுக்க வேண்டிய சுடிதார் துணிக்குள் மடித்து வைத்து எடுத்துப் போனேன். அம்மா வாசல் வரைக்கும் வந்து "கழுத்து ரொம்ப இறக்கி வெட்டச் சொல்லாத" என்று சொன்னாள். வீட்டில் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அது.

அடுத்தது ஸ்டேஷன். இந்த ரிவ்யூவில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான், மற்றதை வேகமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

எல்லோரையும் போல நாங்களும் முதலில் பக்கத்திலிருந்த மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போனோம். உள்ளே உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் ஒருவர் வந்து "உங்கப்பா நம்பர் சொல்லு பாப்பா, தகவல் சொல்லணும்" என்றார். சொன்னேன். அந்த நம்பரைச் சொன்ன நிமிஷத்தை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். பாதுகாப்பு கேட்டு வந்தவள், யாரிடமிருந்து பாதுகாப்பு கேட்டேனோ அவருக்கு நான் இருக்கிற இடத்தை என் வாயாலேயே சொன்னேன். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு டெம்போ டிராவலர் வந்து நின்றது. பெரியப்பா, மாமன், அத்தை, எனக்குப் பெயர்கூடச் சரியாகத் தெரியாத பங்காளிகள் என்று முப்பது பேர். ஆண்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள், பெண்கள் உள்ளே வந்தார்கள்.

யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அம்மா தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம், ஒரே ஒரு வாரம் இருந்துட்டுப் போ, ஊரறிய நாங்களே பண்ணி வெக்கறோம்." ஸ்டேஷனில் இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். பெற்ற வயிறு, யோசித்துப் பார், ஒரு வாரம்தானே. அதற்குப் பெயர் சமாதானம். ரைட்டரம்மா பேப்பரில் எழுதவே ஆரம்பித்துவிட்டார், "பெண் தன் விருப்பத்தின் பேரில் பெற்றோருடன்" என்பது வரைக்கும் நான் தலைகீழாகப் படித்தேன். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு மூலையில் பெஞ்சில், கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் அந்த அறையில் இல்லாத மாதிரியே எல்லாம் நடந்தது.

போயிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், எழுந்துகூட விட்டேன். நின்றது ஒரு சின்ன விஷயத்தால். மாமன் ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்து "ஆச்சா?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு முதுகு சில்லிட்டது. அழைத்துப் போக வந்தவர் அப்படிக் கேட்க மாட்டார். நான் மறுபடி உட்கார்ந்து, போகமாட்டேன், எனக்கு வயது 24, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வக்கீல் அண்ணன் மெல்லக் குனிந்து "இப்ப சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும்மா, வேற எதுவும் பேசாத" என்றார். ஏழெட்டு முறை சொன்னேன்.

கண்ணகி, முருகேசன் வழக்கு தெரியாதவர்கள் தேடிப் படியுங்கள். விருத்தாசலம் பக்கம், 2003. அவர்களும் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள், சர்டிபிகேட் இருந்தது. கண்டுபிடித்து ஊருக்குக் கொண்டுவந்து காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். தீர்ப்பு வர 2021 ஆனது, உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். தண்டனை பெற்றவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு, வழக்கை ஜோடித்ததற்காக. எல்லா ஸ்டேஷனும் அப்படி என்று சொல்லவில்லை, எங்களுக்குத் தண்ணீர் கொடுத்த கான்ஸ்டபிள் பெண் கடைசியில் டெம்போ கிளம்பும் வரைக்கும் கதவைப் பூட்டி வைத்தாள். ஆனால் ஸ்டேஷன் என்பது இதைக் குடும்ப விஷயமாகப் பார்க்கிற இடம், அதற்குப் பழகிய இடம். மைனஸ் ஸ்டார் கொடுக்க முடிந்தால் அந்த சமாதானத்துக்குக் கொடுப்பேன்.

அன்றைக்கு இன்னொரு கூத்தும் நடந்தது. நான் அவரோடுதான் போவேன் என்று முடிவானதும், நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். செயின், வளையல், கம்மல் எல்லாம் கழற்றி ஒரு பழைய பேப்பரில் வைத்தேன், எண்ணி எழுதி கையெழுத்து வாங்கினார்கள். சொத்தில் பங்கு கேட்கமாட்டேன் என்றும் ஒரு வெள்ளைத்தாள். அந்த வெள்ளைத்தாளைப் பற்றிப் பயப்பட வேண்டாம், சொத்துரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் முறையாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும், ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதால் ஒன்றும் போய்விடாது. அங்கிருந்து உயிரோடு வெளியே வர என்ன கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒடித்துக் கொடுத்தார், காது தூர்ந்து போகாமல் இருக்க. மஞ்சள் கயிறும் காதில் ஈர்க்குச்சியுமாகத்தான் அந்தப் பேப்பர் படத்தில் நான் இருக்கிறேன், உற்றுப் பார்த்தால் தெரியும்.

மறுநாள் காலை எஸ்.பி. ஆபீஸ். முதல் நாளே நேராக இங்கே வந்திருக்க வேண்டும். மனுவை மூன்று காப்பி எடுத்து, ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் போடுவார்கள், கேட்காவிட்டால் போடமாட்டார்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு, வாங்காமல் நகராதீர்கள். மனுவில் யார் யாரால் ஆபத்து என்று பெயர் சொல்லி எழுதுங்கள், அப்பா பெயரை எழுதக் கை வராது, எழுதுங்கள். 2018 தீர்ப்பையும் மாவட்டத் தனிப் பிரிவையும் குறிப்பிட்டு எழுதுங்கள். தீர்ப்புப்படி கூடுதல் எஸ்.பி. அந்தஸ்தில் ஒருவர் ஆபத்தை விசாரித்து ஒரு வாரத்துக்குள் எஸ்.பி.க்கு அறிக்கை கொடுக்க வேண்டும், வேண்டுமென்றே அலட்சியமாக இருக்கிற அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்த ஒரு பாராவை மனுவில் சேர்த்த பிறகு எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

முன்னறையில் இருந்தவருக்குத் தனிப் பிரிவு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. "எந்தப் பிரிவும்மா? சைபரா?" என்றார். ஆனால் அப்புறம் வந்த சமூக நலத்துறை மேடம் இருக்கிறாரே, இந்தப் பதினாறு மாதத்தில் நான் பார்த்த ஒரே முழு மதிப்பெண் அவருக்குத்தான். மூன்று கேள்வி கேட்டார். உனக்கு எத்தனை வயது? நீயாக வந்தாயா? இப்போது எங்கே போக வேண்டும்? சாதி என்ன, எத்தனை வருடப் பழக்கம், வீட்டில் சொல்லிப் பார்த்திருக்கலாமே, எதுவும் கிடையாது. மூன்றாவது கேள்வியை அதுவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை என்பது அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு குடும்பத்தையும் அழைத்து எச்சரித்து எழுதி வாங்கினார்கள், இந்த முறை எங்களை வேறு அறையில் வைத்துவிட்டு.

பாதுகாப்பு இல்லம் என்றதும் ஒரு சின்ன ரூம், ஒரு ஸ்டவ், கீழே ஒரு போலீஸ்காரர் என்று கற்பனை செய்திருந்தேன். எனக்குக் கிடைத்தது பெண்கள் காப்பகத்தில் ஒரு கட்டில். அவர் அங்கே தங்க முடியாது, நண்பர் ஒருவரின் மேன்ஷன் அறையில் மொட்டை மாடியில் படுத்தார். கல்யாணமாகி முதல் ஏழு ராத்திரி இப்படி. கேட் பூட்டியிருக்கும், வெளியே போக நோட்டில் எழுதி அனுமதி வாங்க வேண்டும், போன் மாலையில் அரை மணி நேரம். குற்றம் செய்தவன் டெம்போவில் வீட்டுக்குப் போய்விட்டான், எனக்குப் பூட்டு. உப்புமா நன்றாகவே இருந்தது, பக்கத்துக் கட்டில் அக்காவும் நல்லவர், ஆனால் மேஜரான ஜோடியைப் பிரித்து வைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தால் இரண்டு ஸ்டாருக்கு மேல் தர மனசு வரவில்லை. தீர்ப்பில் ஜோடிக்கு என்றுதான் இருக்கிறது. எட்டாம் நாள் கையெழுத்துப் போட்டு வெளியே வந்துவிட்டேன்.

நடுவில் அப்பா ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார், மகளைக் கடத்திவிட்டார்கள் என்று. இதைக் கேட்டு எங்களுக்குக் குலை நடுங்கியது, ஆனால் உண்மையில் இதைப் போல நல்லது வேறில்லை. உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்னிடம் நேராகத் தமிழில் கேட்டார், யாரோடு போக விருப்பம் என்று. சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். ஸ்டேஷனில் எட்டு மணி நேரம் கத்தியது இங்கே ஒரே வாக்கியத்தில் முடிந்தது. உங்கள் வீட்டில் இந்த மனு போட்டால் ஓடி ஒளியாதீர்கள், போய் நில்லுங்கள். காணவில்லை என்று புகார் இருந்தாலும் அதேதான், 2021இல் லட்சுமிபாய் வழக்கில், பெண் விருப்பத்தோடு கல்யாணம் செய்துகொண்டது தெரிந்த பிறகும் புகாரை மூடாமல் அவளை ஊருக்கு வா என்று இழுத்த போலீஸை உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது.

அப்புறம் ரோந்து. வாடகைக்கு வீடு பிடித்ததும் பீட் போலீஸ் தினமும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக ஒரு பட்டா புத்தகத்தை கேட்டில் தொங்கவிட்டார்கள். பேங்க், நகைக்கடை வாசலில் பார்த்திருப்பீர்களே, அதே நோட்டு. முதல் இரண்டு நாள் அதைப் பார்க்கும்போதெல்லாம் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் ஹவுஸ் ஓனர் அம்மா "என்னம்மா இது, ஊட்டுல என்ன தப்புப் பண்ணுனீங்க" என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார், நல்ல மனுஷி, மாதம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார். என்ன சாதி என்று அதுவரை கேட்டிருக்கவில்லை, நோட்டுதான் கேட்க வைத்தது. இரண்டாவது வீட்டில் நோட்டு வேண்டாம், போன் செய்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தோம். அந்த பீட் கான்ஸ்டபிள் தம்பி இன்னமும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "பிரச்சினை ஒண்ணும் இல்லைல்லக்கா?" என்று கேட்கிறார். உத்தரவில் இல்லாத சேவை, அதற்குத் தனியாக மூன்று ஸ்டார்.

மகளிர் ஹெல்ப்லைன் 181க்கு ஒரே ஒரு முறை அழைத்திருக்கிறேன், ராத்திரி பதினோரு மணிக்கு, தெரு முனையில் மாமனின் பைக்கைப் பார்த்ததாகத் தோன்றியபோது. உடனே எடுத்தார்கள், அட்ரஸ் கேட்டார்கள், லைனிலேயே இருக்கச் சொன்னார்கள், இருபது நிமிடத்தில் ஆள் வந்தது. அது மாமன் பைக் இல்லை. வந்தவர் சலித்துக்கொள்ளவில்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம் இருக்கிறது. பட்டம், டிப்ளமோ முடித்த பெண்ணுக்கு 50,000, மற்றவர்களுக்கு 25,000, கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். மொத்தமும் கையில் பணமாக வராது, ஒரு பகுதி சேமிப்புப் பத்திரமாக வரும். ஓடி வந்தவர்களுக்கு முதல் மாதத்தில் தேவைப்படுவது வீட்டு அட்வான்ஸ், அதற்கு இது வந்து சேராது. நண்பர்களிடம்தான் வாங்கினோம், ஆனால் மறக்காமல் விண்ணப்பியுங்கள். எங்களுக்கு வந்தது. தங்கத்தைத் தாலிக்கு ஆறு கிராம் போட்டுவிட்டு மீதியில் எனக்கு ஒரு கம்மல் செய்தோம், ஆசாரி ஈர்க்குச்சியை இழுத்தபோது காது ரத்தம் வந்தது.

ஆணவக் கொலைக்கென்று தனிச்சட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், வேறு சாதிப் பெண்ணோடு பழகிய பட்டியல் சாதி இளைஞர் கவின் கொல்லப்பட்ட பிறகு எல்லோரும் கேட்டார்கள், அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரட்டும், வந்தால் இந்த ரிவ்யூவைத் திருத்துகிறேன். அதில் ஒரே ஒரு வரி இருந்தால் எனக்குப் போதும், மனு கொடுத்த ஜோடியையும் வீட்டாரையும் ஒரே அறையில் உட்கார வைக்கக் கூடாது என்று.

இன்றைய தேதிக்கு யாராவது கேட்டால், இந்த சர்வீஸை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், வேறு எங்கே போவது. ஸ்டேஷனைத் தாண்டி நேராக எஸ்.பி. ஆபீஸ், கூட ஒரு வக்கீல், கையில் மார்க்‌ஷீட், அப்பா நம்பர் மறந்துவிட்டது. மொத்தமாக மூன்று ஸ்டார். முதல் வாரத்துக்கு நாலு, அதற்கப்புறம் இரண்டு, சராசரி அவ்வளவுதான் வருகிறது. ஏனென்றால் எல்லா ஏற்பாடும் முதல் வாரத்துக்கென்று செய்தது மாதிரி இருக்கிறது. உடுமலையில் சங்கரை வெட்டியது 2016 மார்ச் 13, கல்யாணமாகி எட்டு மாதம் கழித்து, பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், வேறு சாதி மனைவி கௌசல்யாவோடு துணி வாங்கிக்கொண்டு திரும்பும்போது. எங்களுக்கு எட்டாவது மாதம் வந்தபோது அவர் லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் என்னை ஆபீஸுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தார், ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாதுகாப்பு இல்லத்துக்கு அதிகபட்சம் ஒரு வருடம் என்று போட்டிருக்கிறது, அதையும் தாண்டி நாலு மாதம் ஆகிவிட்டது. இப்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுவரைப் பார்த்துப் போய் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். அவருக்கு அந்தப் பழக்கம் எனக்கு முன்னாலேயே இருந்தது.